ஷிஃபா சொன்னது

இல்லயில்ல, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் டீச்சர். கேசு முடியிற மட்டும் எந்தப் பக்கத்து ஆளோடயும் பேசக் கூடாதுன்னா அது நாயந்தான. நீங்க டீயக் குடிங்க, நான் பேசுறேன். பக்கத்து பெஞ்சில ஒரு பொம்பள தனக்குத்தானே பொலம்பிக்கிட்டுக் கெடக்குன்னு வச்சுக்கோங்க.

மதுரையில எத்தன மணிக்கு பஸ் ஏறுனீக? ஆறா? அப்ப வயித்துக்கு ஒண்ணும் போட்டிருக்க மாட்டீக. ஒரு வடையாச்சும்... சரி சரி, அதுவும் வேண்டாம். நம்ம கேசு பதினெட்டாவது. பதினொண்ணரைக்கு மேலதான் கூப்புடுவாகன்னு கோர்ட்டு டவாலி சொன்னாரு. செத்த நேரம் இருக்கு.

ஷிஃபா இன்னும் வரல. அவ வக்கீலம்மாவோட கார்ல வாரா. நான் ராஜபாளையத்துல இருந்து பஸ்ல வந்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே வாசல். காலையில ஒரே சட்டி இட்லியத்தான் தின்னோம். அவ அங்கிட்டுக் கார்ல ஏறுனா, நான் இங்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். எங்க அம்மா வாசல்ல நின்னு ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பாத்துக்கிட்டே நின்னா.

நான் யாருன்னே சொல்லல பாருங்க. அசீனா. ஷிஃபாவோட அக்கா. இன்னைக்கு ஜட்ஜுக்கு முன்னால நின்னு அவ கை பேசுறத நீங்க வாயால எடுத்துச் சொல்லப் போறீகள்ல, அந்த வேலைய இத்தன வருசமா நாந்தான் பாத்தேன். ஆஸ்பத்திரியில, ரேஷன் கடையில, பொண்ணு பாக்க வந்த எடத்துல, எல்லாத்துலயும்.

அவ பொறந்தப்ப எனக்குப் பதினோரு வயசு. தெருவுல ஒரு கல்யாணத்துக்கு வெடி போட்டாக. சுத்துப்பட்டுல இருந்த கைப்புள்ளைக அம்புட்டும் வீல்னு கத்துது. இவ மட்டும் தொட்டில்ல கெடந்து கால ஆட்டிக்கிட்டுச் சிரிக்கா. எம் புள்ளைக்கு எம்புட்டு தைரியம் பாருன்னா அம்மா. நான் தொட்டிலுக்குப் பின்னால போயிக் கையத் தட்டித் தட்டிப் பாத்தேன்.

எங்க அத்தாவுக்குச் சந்தையில வெங்காயக் கடை, அம்மாவுக்கு மில்லு வேலை. தெருவுல வண்டி வார சத்தம் அவளுக்குக் கேக்காதுல்ல, யாராச்சும் கூடவே இருக்கணும். ஒம்பதாப்போட என்னை நிறுத்திட்டாக. அந்த வருசந்தான் பேச்சுப் போட்டியில நான் மொதப் பரிசு வாங்குனது. ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ரேடியோவுல பேசுற பொம்பளையா ஆகணும்னு ஒரு கிறுக்கு அப்ப. கண்ணாடி முன்னால நின்னு, வணக்கம் நேயர்களேன்னு பேசுவேன். இவ எங் காலுக்கடியில உக்காந்து என் ஒதட்டயே பாத்துக்கிட்டிருப்பா.

பொறவு அவ பாளையங்கோட்டையில காது கேளாத பிள்ளைக பள்ளிக்கூடத்துல தங்கிப் படிச்சா. லீவுக்கு வரும்போதெல்லாம் சைகைய மூட்டை மூட்டையாக் கொண்டாருவா. அவ சொல்லித்தான் நான் கத்துக்கிட்டேன். எனக்குக் கல்யாணமாகி, மூணு வருசத்துல நான் திரும்பி வந்தது எல்லாம் வேற கதை. அது இந்தக் கேசுல இல்ல. நைட்டி தைக்கிறோம் இப்ப. ஓவர்லாக் மிஷின் என்னோடது, காஜா பட்டன் அவ.

இந்தக் கேசுக்குக் காரணமான சினிமாவுக்கு வாரேன். ஷிஃபா போன்ல வீடியோ போடுவா டீச்சர். பஸ்ல கண்டக்டர் சில்லறைக்குச் சண்ட போடுறது, மாமியா மருமக எசலிக்கிறது, எல்லாத்தயும் கையாலயும் மூஞ்சியாலயும் நடிச்சுக் காட்டுவா. சத்தமே இருக்காது, ஆனா சிரிச்சு வயிறு வலிச்சுப் போகும். அத இந்து பாத்திருக்கா. இந்துன்னா டைரக்டர். நம்ம சேத்தூர்க்காரப் பொண்ணுதான், அவுக அப்பா வாழை போடுறவரு. மெட்ராஸ்ல எட்டு வருசம் அசிஸ்டெண்டா லோல்பட்டு, கடைசியா ஒரு பம்பாய்க் கம்பெனி அவளை நம்பி ஒரு வெப் சீரிஸ் குடுத்துச்சு. செண்பகத்தோப்புல காட்டு இலாகா செக்போஸ்ட்ல வாட்ச்சர் வேலை பாக்குற காது கேளாத பொண்ணோட கதை.

அந்த வேசத்த ஒரு பெரிய நடிகை கேட்டுச்சாம். கைப்பேச்ச ரெண்டு மாசத்துல கத்துக்கிடுதேன்னுச்சாம். இந்து முடியாதுன்னுட்டா. முன்னயெல்லாம் இப்படி நடக்குமா? கண்ணு தெரியாதவன்னா கண்ணு தெரிஞ்சவன் நடிப்பான். கருத்த பொண்ணுன்னா செவத்த பொண்ணுக்கு மையப் பூசி நிறுத்துவாக. இப்பக் கம்பெனியே கேக்குதாம், யாரு கதையோ அவியள வச்சே எடுங்கன்னு. அதுக்குன்னே ஒரு அம்மா பம்பாய்ல இருந்து லேப்டாப்ல வந்து ஷிஃபாட்ட கேள்வி கேட்டுச்சு. ஒனக்கு என்ன வசதியெல்லாம் வேணும், எத்தன மணி நேரம் வேல பாக்க முடியும், யாரும் மரியாதயில்லாம நடந்தா யாருட்ட சொல்லுவேன்னு. ஷிஃபா முழிக்கா. அவளுக்கு என்ன வேணும்னு எங்க வீட்டுல அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல டீச்சர். நாங்களே முடிவு பண்ணிக்கிடுவோம்.

மொத நாளு ஷூட்டிங். புரொடக்‌ஷன் மேனேஜர் நவநீதகிருஷ்ணன்னு ஒருத்தரு. முப்பது வருசமா சினிமாவுலயே கெடக்குற ஆளு. எங்க காதுபடவே சொல்லுதாரு, ஊமச்சிய வச்சு எடுத்தா இது என்னைக்கு வெளங்குறதுன்னு. எங்க காதுன்னா என் காது. ஷிஃபா எங்கிட்ட என்ன சொல்லுதாருன்னு கேட்டா. வெயில் நல்லா விழுதாம்னு சொல்லிட்டேன்.

ஆமா, தப்புதான். நான் எப்பவும் அப்படித்தான் டீச்சர். ஒருத்தரு பத்து வார்த்த பேசுனா ஆறத்தான் அவட்ட கொண்டு போவேன். மனசு நோகும்னு நாலப் பிடிச்சு வச்சுக்கிடுவேன். அந்த நாலு என்னன்னு அவளுக்குத் தெரியாது, சொன்னவுகளுக்கும் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். அது ஒரு மாதிரி... எப்படிச் சொல்ல. வீட்டுச் சாவி இடுப்புல கெடக்குற மாதிரி.

மூணாம் நாளோ நாலாம் நாளோ, ஆத்தோரமா ஒரு சீன். பேரு பெத்த ஹீரோ ஒருத்தரு, அவருக்கும் இவளுக்கும் வாக்குவாதம். டேக் ஓகேன்னாக. ஷிஃபா விறுவிறுன்னு மானிட்டர்கிட்ட போனா. திருப்பிப் போடச் சொன்னா. பாத்துட்டு எங்கிட்டத் திரும்பி மடமடன்னு கையால பேசுறா. நான் வாய்விட்டுச் சொன்னேன்: நீங்க என் மூஞ்சிய மட்டும் எடுத்திருக்கீக. கைய மணிக்கட்டோட வெட்டிட்டீக. இந்த சார் பேசும்போது இவரு வாய வெட்டுவீகளா?

எம்பது பேரு டீச்சர். ஆத்துத் தண்ணிச் சத்தம் மட்டுந்தான். ஹீரோ சேர்ல உக்காந்தவரு எந்திரிச்சிட்டாரு. இந்து மானிட்டர்கிட்ட வந்து தானும் ஒரு தடவ பாத்தா. பொறவு, லென்ஸ மாத்துங்க, இனிமே அவ கை பிரேமுக்கு வெளிய போகக் கூடாதுன்னா. அன்னையோட எல்லாம் மாறிப் போச்சு. ஆக்‌ஷன்னு கத்துறதுக்குப் பதிலா ஒரு பச்ச பல்பு எரியும். லைட்டு போடுறவுக கைக்கு வெளிச்சம் விழுதான்னு கேட்டுத்தான் போடுவாக. நவநீதகிருஷ்ணன் சார்கூட டீ, பொறு, நன்றி, இம்புட்டும் கையால சொல்லப் படிச்சுக்கிட்டாரு. கடைசி நாளு அவ முன்னால வந்து நெஞ்சத் தொட்டு மன்னிப்புக் கேட்டாரு. எதுக்குன்னு அவளுக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சது.

நான் எங்க இருந்தேன்னா, கேமராவுக்குப் பின்னால. அக்கா செத்தத் தள்ளிக்கோங்க, நெழல் விழுதும்பாக. தள்ளிக்கிடுவேன். அவளுக்குக் கேரவன், எனக்கு அதோட படி. பொறாமையான்னு கேக்குறீகளா? நீங்க கேக்கல. நாந்தான் கேட்டுக்கிட்டேன். அன்னைக்கு ஆத்தோரத்துல எம்பது பேரும் வாயடைச்சு நின்னாகள்ல, கேட்டது என்னமோ எங் கொரலத்தான். பாத்தது அம்புட்டும் அவளை. ஒருத்தர்கூட எம் பக்கம் திரும்பல. அத வீட்டுக்குப் போயி ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

படத்த வெட்டி ஒட்டி பம்பாய்க்கு அனுப்புனாக. அங்க மெஷின்ல போட்டுப் பாப்பாகளாம், சனங்க எந்த நிமிசத்துல எந்திரிச்சுப் போவாகன்னு. நாலாவது நிமிசத்துல போயிருவாகன்னு மெஷின் சொல்லிருச்சு. சத்தம் இல்லாம எவனும் உக்கார மாட்டானாம். அதனால ஷிஃபா மனசுக்குள்ள பேசுற மாதிரி ஒரு குரல் வேணும்னாக. இந்து சண்ட போட்டா. கடைசியில ஒண்ணு சொன்னா, ஷிஃபாட்ட கேளுங்க, அவ சரின்னா நான் ஒதுங்கிக்கிடுறேன், வேண்டாம்னா நான் அவ பக்கம் நிப்பேன், படம் வெளிய வராட்டாலும் பரவால்லன்னு. கம்பெனியில இருந்து ஒருத்தரு வீட்டுக்கே வந்தாரு. அவரு கேட்டாரு, நான் ஷிஃபாட்ட கேட்டேன், அவ சொன்னத நான் அவருட்ட சொன்னேன். சரின்னு ஆச்சு. அத விடுங்க, பொறவு சொல்றேன்.

யாரு குரலு போடுறதுன்னு வந்தப்ப, கூட வந்த சவுண்டு எஞ்சினியர் பையன் விக்னேஸ்வரன் என்னையப் பாத்தான். கூடப்பொறந்தவுகளுக்குத் தொண்ட ஒண்ணு போல இருக்கும்க்கா, நீங்க பேசுங்க, மெஷின் அத வச்சு உங்க தங்கச்சி பேசுனா எப்படி இருக்குமோ அப்படி ஆக்கிரும்னான். என் வயசுல இருந்து பதினோரு வருசத்தக் கழிச்சிருமாம். எங்கிட்ட ஒரு மனுசன் வந்து, பேசுங்கன்னு கேட்டது அதான் மொதத் தடவ. யாருக்காகவும் எடுத்துச் சொல்ல இல்ல. எங் குரலுக்காக.

ராஜபாளையத்துலயே ஒரு லாட்ஜு ரூம்ல வச்சு எடுத்தாக. சன்னலுக்கெல்லாம் மெத்தையச் சாத்தி, ஃபேன நிறுத்தி. நாலு மணி நேரம் வாசிச்சேன். சிரிச்சு வாசிங்க, கோவமா வாசிங்க, அழுது வாசிங்கன்னான். வேர்வ ஒழுகுது, எனக்கு அது தெரியல. ரெண்டு நாள் கழிச்சு வரச் சொன்னான். காதுல ஹெட்போன மாட்டிவிட்டான். மொதல்ல என்ன சொல்லணும்க்கா, சொல்லுங்க, சொல்ல வைக்கிறேன்னான். அக்கான்னு கூப்புடச் சொல்லுன்னேன்.

கூப்புட்டுச்சு டீச்சர்.

எங் குரலு இல்ல அது. எங் குரலு மாதிரி, ஆனா தண்ணிக்கடியில இருந்து ஏறி வார மாதிரி, சின்னப் பிள்ளையா, லேசாப் பயந்த மாதிரி. அக்கா... இம்புட்டுத்தான். நான் ஹெட்போனக் கழட்டிட்டுப் பின்னால திரும்பிப் பாத்தேன். பின்னால மெத்ததான் இருக்கு. ரோட்டுல எறங்கி வீடு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தேன். வீட்டுல ஷிஃபா பட்டன் தச்சுக்கிட்டிருந்தா. எங்க போயிட்டு வாரேன்னு கேட்டா. நூல் வாங்கன்னு சொன்னேன். நூலு எங்கன்னு கேட்டா. கடை அடச்சிருக்குன்னேன்.

படம் ஒரு வெள்ளிக்கெழம மத்தியானம் வந்துச்சு. ஜும்மா முடிஞ்சு சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுச் சுடலமாடத்தி அக்கா குடும்பம், எல்லாரும் எங்க வீட்டுல. மொத்தம் நாலஞ்சு போனு. ஷிஃபா அவ போனப் பாக்கல. எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அவ படத்தப் பாக்குறவுக மூஞ்சியப் பாக்கணும்னு அவளுக்கு ஆசை.

எங்க அம்மா அவ போன ரெண்டு கையாலயும் புடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தவ, திடீர்னு அத எடுத்துக் காதோட வச்சுக்கிட்டா. கண்ண மூடிட்டா. கண்ணுல இருந்து தண்ணி ஊத்துது. படம் ஓடுது, அம்மா படத்தப் பாக்கல. காதுல வச்சுக் கேக்கா.

ஷிஃபா அதப் பாத்தா டீச்சர். அம்மாவயே பாத்தா. எம் படத்துல காதுல வச்சுக் கேக்குறதுக்கு என்ன இருக்குன்னு அவளுக்கு ஓடிருக்கும்ல. எந்திரிச்சுப் போயி அம்மா கையில இருந்து போன வாங்கிப் பாத்தா. அப்ப அதுல ஒரு கனவு சீனு ஓடுது. மலையில, நம்ம ஊருப் பக்கத்துப் பெருமாள் கோயில் படிக்கட்டு தெரியிற மாதிரி ஒரு பாறையில அவ நிப்பா. எடுக்கும்போது வாய மூடிக்கிட்டு நின்ன சீனு. அதுல அவ ஒதடு அசையுது. வாயத் தொறந்து பேசுதா. மெஷின் அசைச்சு விட்டிருக்கு. கீழ எழுத்து வேற ஓடுது. காது கேக்காதவுக படிக்கன்னு போடுவாகள்ல, அது. தான் சொல்லாதத தான் சொல்லுறதா எழுத்துல படிச்சா.

போன மெதுவா அம்மா மடியில வச்சா. எங்கிட்ட வந்து கேட்டா, இது யாரு குரலு? எம் மூஞ்சி அவளுக்குப் புஸ்தகம் மாதிரி, பொய் சொல்ல முடியல. என்னோடதுன்னேன். இன்னொண்ணு கேட்டா, அன்னைக்கு அந்தாளுட்ட நீ என்ன சொன்னன்னு. அதுக்கு நான் பதில் சொல்லல. திரும்பவும் கேட்டா. நான் கையத் தூக்குனேன், என்ன சொல்றதுன்னு தெரியாம. அவ கண்ண மூடிக்கிட்டா.

நமக்குக் காது கேக்குதுல்ல, பிடிக்காட்டாலும் கேட்டுத்தான் ஆகணும். அவளுக்கு அப்படி இல்ல. கண்ண மூடிட்டா அம்புட்டுத்தான், கதவு அடச்ச மாதிரி. அன்னையில இருந்து இன்னைக்கோட ஏழு மாசம். நான் கையத் தூக்குனா அவ கண்ண மூடிக்கிடுதா. சோறு திங்கும்போதும் அப்படித்தான், ஒரே மிஷின் முன்னால உக்காந்திருக்கும்போதும் அப்படித்தான். நான் கையக் கீழ போட்ட பொறவுதான் தொறப்பா. ஒரு நா காய்ச்சல்ல அவ படுத்திருந்தா, தண்ணி வேணுமான்னு கேட்டேன். காய்ச்சலோட காய்ச்சலா அதுக்கும் மூடிக்கிட்டா.

அது ஒண்ணுன்னா, இந்தக் குரலு இன்னொண்ணு. படம் நல்லா ஓடிருச்சு. தெருவுல, பஸ்ல, டீக்கடையில, எங்கன போனாலும் ஒரு போன்ல இருந்து அது பேசும். அதுல ஒரு வசனம், நான் பேசலன்னா எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்காதீகன்னு. அத எடுத்து ஆளாளுக்கு ஆட்டம் போட்டு வீடியோ போட்டாக. மத்தியானம் மிஷின் ஓட்டிக்கிட்டு இருப்பேன், பக்கத்து வீட்டுச் சன்னல் வழியா வரும். நான் சட்டுன்னு ஷிஃபா வாயப் பாப்பேன். மூடித்தான் இருக்கும். அவ பட்டனத் தச்சுக்கிட்டு இருப்பா. குரலு வந்துக்கிட்டே இருக்கும்.

போன மாசம் பஸ்ல வாரேன், ஏதோ நகைக்கடை வெளம்பரம். அதே குரலு. வாங்க, வந்து பாருங்கன்னு கூப்புடுது. நான் அத வாசிக்கவே இல்ல டீச்சர். நாலு மணி நேரத்துல எந்தப் பேப்பர்லயும் அது இல்ல. விக்னேஸ்வரனுக்குப் போன் போட்டு, தம்பி, எங் குரல அழிச்சிருங்கன்னேன். பாவம், அவன் என்ன செய்வான். அது ஒரு ரெக்கார்டு இல்லக்கா, அது கத்துக்கிட்டது கத்துக்கிட்டதுதான், இனிமே அது என்ன வேணா பேசும்னான்.

கடையில வாயத் தொறந்தா, ஏ அந்தப் படத்துல பேசுற பொண்ணு குரல்லன்னு திரும்பிப் பாக்காக. எம் பேச்ச நான் பேசுறப்பவே அது பேசுற மாதிரி இருக்கு. வீட்டுல நான் பேசுறத விட்டுட்டேன். கையாலயும் இல்ல, வாயாலயும் இல்ல. இன்னைக்குத்தான் இம்புட்டுப் பேசுறேன்.

அம்மாட்ட ஒரு நா கேட்டேன், அது எங் குரலுதாம்மா, அதையா தெனமும் காதுல வச்சுக்கிட்டு அழுவுறேன்னு. தெரியும்டின்னா. ஒன்னையும் நாந்தான பெத்தேன், எனக்குத் தெரியாதா, இருந்தாலும் அந்த மூஞ்சியில இருந்து வருதுல்லன்னா.

ஷிஃபா சும்மா இருக்கல. அதுல எனக்கு ஒரு பக்கம் பெருமைதான். அவகூடப் படிச்ச பிள்ளைக வீடியோ கால்ல வரும், அஞ்சாறு பேரு சேந்து கையால பேசிப் பேசி, மதுரையில ஒரு வக்கீலம்மாவப் புடிச்சு, இந்தக் கேசப் போட்டுட்டா. என் தொண யாருக்கும் தேவப்படல. கம்பெனி ரெண்டாவது பாகம் எடுக்கப் போகுதாம். அவ வரலன்னாலும் பரவால்லயாம். மூஞ்சி இருக்கு, குரலு இருக்கு, அது போதுமாம். அதத் தடுக்கணும், இருக்குற குரல எடுக்கணும்னு கேசு. வாதி ஷிஃபா. மொதப் பிரதிவாதி கம்பெனி. ரெண்டாவது நானு. இந்து ஷிஃபா பக்கம் சாட்சி. எங்கிட்டப் பேச மாட்டா. போன வாய்தாவுக்கு வந்திருந்தா. எனக்கு எதுக்க வந்தவ கையால வணக்கம் வச்சுட்டுப் போயிட்டா.

உங்களுக்கு இன்னைக்கு ஒரு வீடியோ போட்டுக் காட்டுவாக டீச்சர். அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னது. கம்பெனிக்காரரு வீட்டுக்கு வந்து கேட்டாருன்னு சொன்னேன்ல, அன்னைக்கு இந்துதான் அவ போன ஜன்னல் திட்டுல சாச்சு வச்சு எடுத்தா. நாளைக்கு ஷிஃபாவ யாரும் ஏமாத்திரக் கூடாதுன்னு, நல்ல எண்ணத்துலதான். ஆனா அதுல அந்தாளு தோளு பாதி மறைக்கும். ஷிஃபாவோட ஒரு கைதான் முழுசாத் தெரியும். அவ மரியாதக்கிச் சிரிச்ச முகமா இருப்பா. கடைசியில நாடியில, மோவாக்கட்டையில, ரெண்டு வெரல வச்சுத் தட்டுவா. எங் குரலு கேக்கும், சரிங்குதான்னு. பொறவு நான் காட்டுன எடத்துல அவ கையெழுத்துப் போடுவா. இருவத்திரெண்டு பக்கம், அம்புட்டும் இங்கிலீசு. ஷூட்டிங் முடிஞ்சதுக்குப் பாக்கிச் சம்பளம் வாங்கன்னு அவட்ட சொல்லிருந்தேன்.

கம்பெனி வக்கீலு எங்கிட்ட மூணு தடவ சொல்லிட்டாரு. அது வீட்டுச் சைகம்மா, எந்தப் புஸ்தகத்துலயும் இருக்காது, வந்திருக்குற டீச்சருக்கும் தெரியாது, நாடியத் தொட்டா நல்லாருக்குன்னு அர்த்தம், எங்க வீட்டுல அப்படித்தான்னு சொல்லிருங்க, நீங்க சொல்றதுதான் அர்த்தம்னாரு. நெசந்தான். ஷிஃபா வேற சொல்லுவா, ஆனா அவ கேசு போட்டவ, அவளுக்குத் தோதாத்தான் சொல்லுவான்னு சொல்லிருவாக. வெளியாளுக்கு அத எடுத்துச் சொல்ல என்னைய விட்டா ஆளில்ல.

இத உங்ககிட்ட சொல்லக் கூடாது, ஜட்ஜுட்டத்தான் சொல்லணும்னு எனக்கும் தெரியும். சொல்லத்தான் வந்திருக்கேன். ஏழு மாசமா இதப் பேசாத வாயி, உள்ள போயி வருமா வராதான்னு தெரியல. ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிடுறேன். நீங்க அங்கிட்டு வேணா பாத்துக்கோங்க.

சின்னப் பிள்ளையில அடுப்புத் திட்டுல விழுந்து எனக்கு நாடியில ஒரு தழும்பு, இந்தா. மூணு வயசுல அவ எனக்கு வச்ச பேரு அது. நாடியில ரெண்டு வெரலு வச்சா அசீனா. வேற ஒரு அர்த்தமும் கெடையாது.

அன்னைக்கு ஷிஃபா சொன்னது இம்புட்டுத்தான். என் கை பேசுறது போதும், என் மூஞ்சிக்குள்ள இருந்து வேற யாரும் பேச வேண்டாம், அசீனாகூட வேண்டாம், அவ எம் பக்கத்துல நின்னு பேசட்டும். நான் அந்தாளப் பாத்து, சரிங்குதா சார், ரொம்ப சந்தோசமாம்னு சொன்னேன். சொல்லும்போது மட்டும் அடுப்படியில என்னமோ கருகுற மாதிரி அங்கிட்டுத் திரும்பிக்கிட்டேன். ஒதட்டப் பாத்தாப் படிச்சிருவா, அதான்.